ஐரிஷ்ல விரலுக்கு என்ன பேரு? 'மேர்'ங்கிற ஒரே ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மொழிக்குள்ள போகலாம் வாங்க

என் பொண்ணு இங்க அயர்லாந்துல ரெண்டாம் வகுப்பு படிக்கிறா. இங்க பிரைமரி ஸ்கூல்ல பொதுவா எல்லா பிள்ளைங்களுக்கும் ஐரிஷ் ஒரு பாடம், அதனால நம்ம வீட்டுல தமிழும் இங்கிலீஷும் போதாதுன்னு மூணாவதா ஒரு மொழி ஸ்கூல் பேக்ல ஏறி வந்து உக்காந்துடுச்சு. போன வாரம் ஹோம்வொர்க் உடம்புப் பகுதிகள். கைன்னா லாவ், கால்னா கொஸ், விரல்னா மேர். அவ கையை விரிச்சு ஒவ்வொரு விரலா தொட்டுக் காட்டிக்கிட்டே "அப்பா, இது மேர், ஆனா என்னோடதுன்னு சொன்னா வேர்"னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. விரல் எப்படி வேராச்சு? அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேட ஆரம்பிச்சதுதான், இந்த ஒரு வார்த்தைக்குள்ளயே ஐரிஷ் மொழியோட பாதி இலக்கணமும் ஒரு அருமையான மரபுத்தொடரும் அடங்கியிருக்குன்னு புரிஞ்சுது. ஐரிஷ் ஒரு எழுத்து கூட தெரியாதவங்களுக்கும் புரியணும்னு இதை எழுதறேன்.

முதல்ல எழுத்துக்கூட்டல். எம் (m), அப்புறம் தலையில ஒரு சாய்கோடு போட்ட ஈ (é), அப்புறம் ஏ (a), கடைசியில ஆர் (r). நாலு எழுத்து. அந்த சாய்கோட்டுக்கு 'ஃபத'ன்னு பேரு, ஐரிஷ்ல ஃபதன்னா நீளம்னு அர்த்தம். அதாவது இந்த உயிரெழுத்தை நீட்டிச் சொல்லுன்னு சொல்ற அடையாளம். நமக்கு இது ரொம்ப சுலபமா புரியும், ஏன்னா எ - ஏ, ஒ - ஓன்னு குறில் நெடில் பிறந்ததுலருந்தே நம்ம காதுல இருக்கு. கல்லுக்கும் காலுக்கும் என்ன வித்தியாசமோ அதே மாதிரிதான் இங்கயும் கோடு இருந்தா ஒரு வார்த்தை, இல்லன்னா வேற வார்த்தை. கோடு போட்டா மேர், விரல். கோட்டை எடுத்துட்டா அது 'ம்யர்', அதுக்கு அர்த்தம் வேகமான, சுறுசுறுப்பான. ஒரு சின்னக் கோடு விட்டுப்போனா விரல் போய் வேகம் வந்துடும். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, கீழ ஒரு இடத்துல இது ரொம்ப அழகா வந்து சேரும்.

சரி, நடுவுல அந்த ஏ (a) எழுத்து எதுக்கு? அதுக்கு இந்த வார்த்தையில தனியா சத்தமே கிடையாது. ஐரிஷ்ல கிட்டத்தட்ட ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ரெண்டு விதமான உச்சரிப்பு உண்டு, ஒண்ணு தடிப்பானது, இன்னொண்ணு மெலிசானது, மெலிசுன்னா நாக்கு மேல எழும்பி லேசா ஒரு 'ய்' ஒட்டிக்கிட்ட மாதிரி வரும். பக்கத்துல ஐ (i), ஈ (e) எழுத்து இருந்தா மெலிசு, ஏ (a), ஓ (o), யூ (u) இருந்தா தடிப்பு. மேர்ல கடைசி ர் தடிப்பான ர், அதைச் சொல்றதுக்குத்தான் அந்த ஏ காவல்காரன் மாதிரி நிக்குது. 'விரலோட'ன்னு சொல்லணும்னா 'மேரெ'ன்னு மாறும், அங்க ஏ (a) போய் ஐ (i) வந்துடும், ஏன்னா அங்க ர் மெலிசாயிடுது. ஐரிஷ் எழுத்துக்கூட்டலைப் பாத்து மிரண்டு போறவங்க நிறைய பேர், சத்தமே வராத எழுத்தையெல்லாம் எதுக்கு எழுதறாங்கன்னு கேப்பாங்க, ஆனா அந்த எழுத்தெல்லாம் சும்மா நிக்கல, பக்கத்து எழுத்தை எப்படிச் சொல்லணும்னு சொல்லிக்கிட்டு நிக்குது. இது ஒண்ணு புரிஞ்சாலே பயம் பாதி போயிடும்.

இன்னொரு குழப்பமும் சொல்லிடறேன். என் பொண்ணோட டீச்சர் தென்மேற்குல இருக்கற கெர்ரி பக்கத்துக்காரங்க. அவங்க மேர்னு சொல்ல மாட்டாங்க, 'மீயர்'னு சொல்லுவாங்க. நெட்ல கேட்டா மேர், கிளாஸ்ல மீயர். ரெண்டும் சரிதான். தெற்குல இருக்கற மன்ஸ்டர் வட்டாரத்துல 'மே'ல வர்ற இந்த ஏ சத்தம் ஈய மாதிரி உடைஞ்சு வரும், மேற்குல கானக்ட், வடக்குல அல்ஸ்டர் பக்கம் ஏன்னே வரும். நம்ம நெல்லைத் தமிழும் கோயம்புத்தூர் தமிழும் மாதிரி வச்சுக்கோங்க. மூணு வட்டார உச்சரிப்பையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கற ஆன்லைன் அகராதி ஒண்ணு இருக்கு, அதுல மூணையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு கேட்டுப் பாக்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச பொழுதுபோக்கா ஆயிடுச்சு.

இப்ப வேர் விஷயத்துக்கு வர்றேன். ஐரிஷ்ல வார்த்தையோட கடைசி மட்டும் இல்ல, முதல் எழுத்தும் மாறும். 'மொ'ன்னா என்னோட. மொ + மேர் சேந்தா 'மொ வேர்'. எழுதும்போது எம்முக்குப் பக்கத்துல ஒரு ஹெச் சேப்பாங்க, அந்த ரெண்டும் சேந்து வ் சத்தம் ஆயிடும். இதுக்கு 'ஷேவூ'ன்னு பேரு, மென்மையாக்குறதுன்னு அர்த்தம். கேக்க விசித்திரமா இருந்தாலும் நாமளும் தினம் இதைப் பண்றோம், கவனிக்கறதில்ல அவ்வளவுதான். 'கல்'லுல வர்ற க-வையும் 'மகன்'ல வர்ற க-வையும் சொல்லிப் பாருங்க. முதல்ல வர்றது கெட்டியா இருக்கு, ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டினது இளகிப் போய் கிட்டத்தட்ட ஹ ஆயிடுது. நாம எழுத்துல காட்டறதில்ல, அவங்க காட்டறாங்க. பழைய ஐரிஷ் எழுத்துமுறையில ஹெச் கூட கிடையாது, எழுத்து தலையில ஒரு புள்ளி வைப்பாங்க. நம்ம மெய்யெழுத்துக்கு இருக்கற மாதிரியே ஒரு புள்ளி! ரோமன் அச்செழுத்துக்கு மாறினப்பதான் புள்ளி போய் ஹெச் வந்துது.

இந்த இளகல் வெறும் சத்தம் இல்ல, அர்த்தத்தையே சுமக்குது. 'அ வேர்'னு சொன்னா அவனோட விரல். 'அ மேர்'னு சொன்னா அவளோட விரல். நடுவுல இருக்கற 'அ' ரெண்டுக்கும் ஒண்ணுதான், யாரோட விரல்னு விரலோட முதல் எழுத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். பல பேரைச் சேத்து அவங்களோட விரல்னு சொன்னாலும் அ மேர்தான். மத்த பல எழுத்துக்கு அங்க இன்னொரு விதமான மாற்றம் வரும், எம்முக்கு அது வராது, அதனால அவளோடதும் அவங்களோடதும் ஒரே மாதிரி கேக்கும், சூழ்நிலையை வச்சுப் புரிஞ்சுக்கணும்.

ஐரிஷ்ல உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. விரல் பெண்பால். அதனால 'அந்த விரல்'னு குறிப்பா சொன்னாலே 'அன் வேர்'தான், முன்னாடி வர்ற 'அன்' அதை இளக்கிடும். விரலுக்குப் பின்னாடி வர்ற அடைச்சொல்லும் இளகும். இதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

விரல் வேரா மாறுறதைப் பாத்துட்டு உடனே ஐரிஷுக்கும் தமிழுக்கும் ரத்த உறவுன்னு யாரும் கிளம்பிட வேண்டாம். இது தற்செயலா வந்த ஒலி ஒற்றுமை. ஆனா ஒரு விஷயம் சொல்லணும், ஸ்காட்லாந்துல பேசற கேலிக் மொழியில இதே சொல்லுக்கு விரல்ங்கற அர்த்தத்தோட கிளைங்கற அர்த்தமும் இருக்கு. மரத்துக்கிட்ட போய்ப் பாத்தா கிளை எல்லாம் விரல் மாதிரி தெரியறது அவங்க கண்ணுக்கும் பட்டிருக்கு. மேன் தீவோட மேங்க்ஸ் மொழியிலயும் இதே சொல்லோட உறவு இருக்கு. வேல்ஸ்ல மட்டும் வேற மாதிரி, அங்க விரலுக்கு பீஸ்னு பேரு.

எண்ணுற விதத்துல தமிழ்க்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு. விரல்கள்னா 'மேர', அது பன்மை. ஆனா எண் சொன்னா பன்மை வராது! ரெண்டு விரல் 'கா வேர்', அஞ்சு விரல் 'கூக் வேர்', பத்து விரல் 'டெஹ் மேர்'. நாமளும் பேசும்போது "பத்து விரல்"னுதான சொல்றோம், பத்து விரல்கள்னு யாரு சொல்றா? எண்ணே சொல்லியாச்சு, அப்புறம் எதுக்கு இன்னொரு தடவைன்னு ரெண்டு மொழியும் நினைக்குது. ரெண்டுலருந்து ஆறு வரைக்கும் விரல் வேராகும், ஏழுலருந்து பத்து வரைக்கும் மேராவே இருக்கும். இதை என் பொண்ணு விரல் விட்டு எண்ணியே மனப்பாடம் பண்ணிட்டா.

அந்த 'மேர'ல ஒரு சிக்கலும் உண்டு. மேயருக்கும் ஐரிஷ்ல மேரன்னுதான் பேரு, எழுத்துக்கூட்டலும் அச்சு அசல் அதே. அது வெளியிலருந்து வந்த சொல், விரலுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. டப்ளின் மேயரை 'ஆர்த்வேர'ன்னு சொல்லுவாங்க, ஆர்த்னா உயர்ந்த. டாசன் தெருவுல அவங்க குடியிருக்கற மேன்ஷன் ஹவுஸ்லதான் 1919 ஜனவரி 21-ல அயர்லாந்து பார்லிமென்ட்டான டாயில் முதல் தடவையா கூடுச்சு. அகராதி கையில இல்லாம படிக்கறவங்க இந்த இடத்துல உயர்ந்த விரல்கள்னு படிச்சுட வாய்ப்பு இருக்கு.

இனி ஒவ்வொரு விரலா. கட்டைவிரலுக்கு மேர்ங்கற பேரே கிடையாது, அது 'ஓர்தோக்', தனிச் சொல். ஆள்காட்டி விரல் 'கொர்வேர்'. நடுவிரல் 'மேர் லார்', லார்னா நடு, இன்னொரு பேரு நீள விரல். மோதிர விரலுக்கு மோதிரம் வச்சு ஒரு பேரும் இருக்கு, அதைவிட எனக்குப் பிடிச்சது 'மக் அன் அப', மடாதிபதியோட மகன்னு அர்த்தம். மக்னா மகன். இதுவும் தமிழ் மகனும் கேக்க ஒண்ணு போல இருக்கு, ஆனா இதுவும் தற்செயல்தான், பழைய கல்வெட்டுல அது 'மக்வி'ன்னு வேற உருவத்துல இருக்கு. சுண்டு விரல் 'லூடீன்'. இன்னொரு பேரு லைரிக்கீன். கடைசியில ஈன் வந்தா சின்னதுன்னு செல்லமா சொல்றது.

கால்விரலுக்கு இங்கிலீஷ் மாதிரி தனிச் சொல் தேட வேண்டியதில்ல, 'மேர் கொஷெ'ன்னா காலோட விரல். கைவிரல் கால்விரல்னு நாம சொல்ற மாதிரியேதான். என் பொண்ணுக்கு இது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, "இங்கிலீஷ்லதான்ப்பா ரெண்டு வார்த்தை, தமிழும் ஐரிஷும் ஒரே மாதிரி"ன்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றா. கையும் காலும் சேந்தா இருபது விரல். பழைய ஐரிஷ் எண்ணுமுறையும் இருபது இருபதாத்தான் போகும். நாற்பதுக்கு 'தாஹத்'னு சொல்றாங்க இல்லையா, அது ரெண்டு இருபதுங்கற தொடர் தேஞ்சு ஒரே சொல்லா ஆனதுதான். பெரியவங்க அறுபதை மூணு இருபதுன்னு சொல்லுவாங்க, ஸ்கூல்ல இப்ப சொல்லித் தர்றது ஷாஸ்கங்கற பத்துக்கணக்கு.

கட்டைவிரலை விட்டுட்டுப் போக முடியாது, ஏன்னா ஐரிஷ்காரங்களுக்கு அது அறிவோட விரல். ஃபியோன் மக் கூல்ங்கற வீரனோட கதை இங்க எல்லா பிள்ளைங்களுக்கும் தெரியும். பாய்ன் ஆத்தங்கரையில ஒரு கவிஞர், உலகத்துல இருக்கற எல்லா அறிவும் அடங்கின ஒரு சால்மன் மீனுக்காக ஏழு வருஷம் காத்திருந்து பிடிக்கறார். சின்னப் பையன் ஃபியோன்கிட்ட சமைக்கச் சொல்லிட்டு, ஒரு துண்டு கூட வாயில வைக்கக் கூடாதுன்னு சொல்லிடறார். பையன் சாப்பிடல, ஆனா மீனைத் தொட்டப்ப கட்டைவிரல் சுட்டுடுச்சு, சுட்ட விரலை யாரா இருந்தாலும் வாயிலதான வைப்போம், வச்சான், அவ்வளவுதான் மொத்த அறிவும் அவனுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் எதாவது தெரிஞ்சுக்கணும்னா கட்டைவிரலை வாயில வச்சாப் போதும். ஏழு வருஷம் காத்திருந்த அந்தக் கவிஞரை நினைச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். நான் அயர்லாந்து வந்த புதுசுல வேலை செய்யற இடத்துல ஒரு மீட்டிங். ஒரு வேலை மாசக்கணக்கா நடக்காம கிடந்துது. அப்ப கூட வேலை பாக்கற அம்மா ஒருத்தங்க, இங்கிலீஷ்லதான், "இதை இனிமே லாங் ஃபிங்கர்ல போட வேண்டாம்"னாங்க. எனக்குப் புரியல. எந்த இங்கிலீஷ் புக்லயும் நான் இதைப் படிச்சதில்ல. அப்புறம் ரேடியோவுல கேட்டேன், பேப்பர்ல பாத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வேலி சரி பண்றதைப் பத்தி சொன்னார், எல்லாரும் லாங் ஃபிங்கர் லாங் ஃபிங்கர்ங்கறாங்க. இது இங்கிலீஷே இல்ல. ஐரிஷ் மரபுத்தொடர் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கிட்டு நடமாடுது. ஐரிஷ்ல 'எர் அன் மேர் அத'. நீள விரல் மேல. ஒரு வேலையை நீள விரல் மேல வச்சுட்டான்னா தள்ளிப் போட்டுட்டான், நம்ம பாஷையில சொன்னா கிடப்புல போட்டுட்டான்.

மேல சொன்ன இலக்கணம் எல்லாம் இந்த நாலு சொல்லுக்குள்ள இருக்கு பாருங்க. எர்னா மேல. அன்னா அந்த. மேர் விரல், ஆனா இங்க முன்னாடி எர் அன் வந்ததால அது வேரா மாறாம மேராவே நிக்குது, கானக்ட்லயும் மன்ஸ்டர்லயும் அப்படித்தான், வடக்க அல்ஸ்டர்ல மட்டும் இங்கயும் வேர்தான். கடைசி 'அத' எங்கருந்து வந்துச்சு? அது ஃபத, நீளம். விரல் பெண்பால்ங்கறதால பின்னாடி வர்ற ஃபத இளகுது, ஃப் இளகினா சத்தமே இல்லாம போயிடும், மிச்சம் அத. எழுத்துல எஃப்பும் ஹெச்சும் நிக்கும், வாயில வராது. அந்த த-வையும் இங்கிலீஷ் டி மாதிரி சொல்லக் கூடாது, நாக்கு பல்லுல பட்டுச் சொல்ற நம்ம 'பதம்' த மாதிரி சொல்லணும், இங்கிலீஷ்காரங்களுக்கு வராத அந்தச் சத்தம் நமக்குத் தானா வரும்.

கோட்டை எடுத்தா வேகம்னு சொன்னேன் இல்லையா? விரலுக்குத் தலையில இருக்கற கோட்டுக்குப் பேரும் ஃபத, தள்ளிப் போடற விரலோட அடைமொழியும் ஃபத. அந்த நீளத்தை எடுத்துட்டா மேர் ம்யராகுது, சுறுசுறுப்பு. யாரும் திட்டம் போட்டுச் செஞ்சதில்ல, ஆனா இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

ஏன் நீள விரல்? எனக்குத் தோணறது, கையை முன்னாடி நீட்டிப் பாத்தா நம்மகிட்டருந்து ரொம்பத் தூரத்துல இருக்கற இடம் நடுவிரல் நுனிதான், ஒரு பொருளை அங்க வச்சா நம்ம உடம்புல இருக்கும் ஆனா நம்மகிட்ட இருக்காது. தூக்கி எறியல, மறுக்கவும் இல்ல, ஆனா செய்யவும் மாட்டோம். கிடப்புல போடறதுல இருக்கற அதே குணம்.

இதே விஷயத்துக்கு ஐரிஷ்ல ஒரு பழமொழியும் இருக்கு, காத்தடிக்கிற நாள் கூரை வேயுற நாள் இல்லன்னு. ஓலைக்கூரையை இறுக்கிப் பிடிக்க வளைச்சுக் குத்தற குச்சியை முன்னாடியே சீவி வச்சிருக்கணும், புயல் வந்தப்புறம் தேடக் கூடாது. வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை போடுன்னு நம்ம ஊர்ல சொல்றதுதான், அட்லாண்டிக் கடலோரக் காத்துக்குத் தக்க மாதிரி.

ஒரு விஷயம் மனசை உறுத்துது, அதையும் சொல்லணும். இந்தத் தொடரைக் கொடுத்த மொழியையே நீள விரல் மேல வச்சுட்டாங்க. 1973-ல அயர்லாந்து ஐரோப்பிய கூட்டமைப்புல சேந்தப்ப ஐரிஷுக்கு முழு அந்தஸ்து கேக்கல, ஒப்பந்தங்கள் மட்டும் ஐரிஷ்ல இருந்துது. 2007-லதான் ஐரோப்பிய ஒன்றியத்தோட அதிகாரப்பூர்வ மொழி ஆச்சு, அதுலயும் எல்லாத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம்னு ஒரு விலக்கு, அது முடிஞ்சது 2022 ஜனவரி 1. வட அயர்லாந்துல இன்னும் வருத்தம். 2006-ல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஒப்பந்தத்துல ஐரிஷுக்கு ஒரு சட்டம் கொண்டு வர்றோம்னு வாக்குக் கொடுத்தாங்க. கொண்டு வரல. 2017-லருந்து மூணு வருஷம் அங்க அரசாங்கமே இல்லாம போனதுக்கு இந்தச் சட்டத் தகராறும் ஒரு பெரிய காரணம். சிவப்பு டிரெஸ் போட்டுக்கிட்டு ஆயிரக்கணக்கான பேர் பெல்ஃபாஸ்ட் தெருவுல நடந்தாங்க, அவங்க கோஷம் 'அக்த் அனிஷ்', சட்டம் இப்பவே. அனிஷ்னா இப்ப. நீள விரலுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. கடைசியா 2022 டிசம்பர்லதான் சட்டம் வந்துது, வாக்குக் கொடுத்து பதினாறு வருஷம் கழிச்சு. அதே 2022 சென்சஸ்ல அயர்லாந்து குடியரசுல 18 லட்சத்து 73 ஆயிரம் பேருக்கு மேல ஐரிஷ் பேசத் தெரியும்னு சொன்னாங்க, ஆனா ஸ்கூலுக்கு வெளிய தினம் பேசறவங்க 71,968 பேர்தான். ஒரு மொழிக்காக மக்கள் ரோட்டுல இறங்கறதுன்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, அதனாலயே இந்த நம்பரைப் பாக்கும்போது எனக்குக் கஷ்டமா இருக்கு.

மத்த தொடர்கள் சட்டுனு சொல்லிடறேன். 'நா ல்யக் மேர் எர்'னா அது மேல விரலை வைக்காதே, தொடாதே. ஒரு விஷயம் அத்துப்படின்னா 'எர் வார் ந மேர்', விரல்களோட நுனியில இருக்குன்னு சொல்லுவாங்க, நாமளும் அவருக்கு எல்லாம் விரல் நுனியில இருக்குன்னு சொல்றோம். மோதிரம் இருக்குன்னு சொல்ல 'தா ஃபானெ அகம்', என்கிட்ட ஒரு மோதிரம் இருக்கு. ஐரிஷ்ல இங்கிலீஷ் மாதிரி ஹேவ்ங்கற வினைச்சொல்லே கிடையாது, எல்லாமே என்கிட்ட இருக்கு, உன்கிட்ட இருக்குதான். அந்த மோதிரத்துக்கும் ஒரு கதை, ஐரிஷ் பேசத் தெரிஞ்சவங்க சட்டையில குத்திக்கற வட்டமான சின்ன பின்னுக்கும் ஃபானென்னுதான் பேரு, அதைப் போட்டிருக்கறவங்களைப் பாத்தா தைரியமா ஐரிஷ்ல பேச்சுக் கொடுக்கலாம்.

கூட்டுச்சொற்கள் இன்னும் ருசியா இருக்கும். நாம கீபோர்டை விசைப்பலகைன்னு சொல்றோம், அவங்க விரல்பலகைன்னு சொல்றாங்க, மேரும் க்லாரும் சேந்தது, க்லார்னா பலகை, சேரும்போது க இளகி தொண்டையிலருந்து வர்ற ஹ ஆயிடும். கைரேகைக்கு 'மேர்லொரக்', விரல்தடம். எழுத்துல லொர்க்னுதான் இருக்கும், ஆனா ர்-க்கும் க்-க்கும் நடுவுல ஒரு சின்ன அ-வைத் தானா சேத்துக்குவாங்க. அந்தப் பழக்கம் அவங்க இங்கிலீஷ்லயும் வரும், இங்க பெரியவங்க ஃபில்ம்னு சொல்ல மாட்டாங்க, 'ஃபிலம்'. நம்ம ஊர்ல பிலிம்னு சொல்றதை யாராவது திருத்த வந்தா இதைச் சொல்லுங்க. கூழாங்கல்லுக்கு 'மேரோக்', விரலுக்குள்ள அடங்கற கல். தையல் போடும்போது விரல்ல மாட்டற குப்பிக்கு 'மேரகான்'.

அந்தத் தையல் குப்பிலருந்து ஒரு பூ வருது. ஃபாக்ஸ்குளோவ்னு ஒரு காட்டுச்செடி, கோடை தொடங்கினா இங்க ரோட்டோரம் வேலியோரம் எல்லாம் ஊதா மணி மணியா தொங்கும், ஒவ்வொரு பூவும் விரல் நுனியில மாட்டற அளவு. அதோட பேர்கள்ல ஒண்ணு 'மேரீன் பூக', பூகங்கறது உருவம் மாறுற ஒரு பேய், பேயோட குட்டி விரல். லத்தீன்லயும் இதுக்கு விரலை வச்சுத்தான் பேரு, டிஜிட்டாலிஸ். டிஜிட்டல்ங்கற சொல்லும் அதே விரல்லருந்து வந்ததுதான். செடி கொடிய விஷம், பிள்ளைங்களைத் தொட விடாதீங்க. இதோட இலையை வச்சு வைத்தியம் பண்றதைப் பத்தி 1785-ல வில்லியம் விதரிங்ங்கற டாக்டர் இங்கிலாந்துல ஒரு புக் எழுதினார், இதே இனத்துச் செடிலருந்துதான் இதய நோயாளிங்க சாப்பிடற டிஜாக்சின் மாத்திரை வருது.

மெட்ராஸுக்கும் இந்த மொழிக்கும் ஒரு நிஜமான தொடர்பு உண்டு, ரொம்பப் பேருக்குத் தெரியாது. விட்லி ஸ்டோக்ஸ்னு ஒரு டப்ளின்காரர், தொழில் வக்கீல், 1862-ல மெட்ராஸ் வந்தார், அப்புறம் கல்கத்தா போனார். பகல்ல சட்டம், மிச்ச நேரம் எல்லாம் பழைய ஐரிஷ். கார்மக்ங்கற ராஜா-பிஷப் பேர்ல இருக்கற ஆயிரம் வருஷப் பழைய ஐரிஷ் சொல்விளக்க நூலோட மொழிபெயர்ப்பை அவர் 1868-ல கல்கத்தாவுலதான் அச்சுப் போட்டார். ஐரிஷ் சொல்லாராய்ச்சியோட ஒரு பகுதி நம்ம வெயில்ல நடந்திருக்கு.

கடைசியா எழுத்து. அயர்லாந்தோட மிகப் பழைய எழுத்து ஓகம். கல்லோட விளிம்பை நடுக்கோடா வச்சு அதுக்கு வலப்பக்கம், இடப்பக்கம், சாய்வா, குறுக்கன்னு கீறல் போடறது. மொத்தம் இருபது எழுத்து, நாலு குழு, ஒவ்வொரு குழுவுலயும் அஞ்சு எழுத்து, ஒரு கீறல்லருந்து அஞ்சு கீறல் வரைக்கும். ஏறக்குறைய 400 கல்லு இன்னும் இருக்கு, நிறைய கெர்ரியில. அஞ்சஞ்சா இருக்கறதைப் பாத்துட்டு இது முதல்ல விரல் சைகையாத்தான் இருந்திருக்கும்னு மக்கலிஸ்டர்ங்கற தொல்லியல் அறிஞர் ஒரு யூகம் சொன்னார். அதை இன்னிக்கு அறிஞர்கள் ஏத்துக்கறதில்ல. ஆனா 1390 வாக்குல எழுதின பாலிமோட் ஏட்டுல விரலால ஓகம் காட்டற வழி நிஜமாவே எழுதியிருக்கு. முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பை நடுக்கோடா வச்சுக்கணும், முதல் குழுன்னா அதுக்கு வலப்பக்கம் விரலை வைக்கணும், ரெண்டாவதுக்கு இடப்பக்கம், மூணாவதுக்கு சாய்வா, உயிரெழுத்துக்கு நேர்க்குறுக்கா. எத்தனை விரல் வைக்கறோமோ அதுதான் எழுத்து. மூக்குத்தண்டை வச்சும் பண்ணலாமாம்.

இதை என் பொண்ணுகிட்ட சொன்னதுதான் தாமதம், சோபாவுல உக்காந்திருந்த என் காலை இழுத்து வச்சுக்கிட்டு ஆரம்பிச்சுட்டா. சாய்வா ஒரு விரல், அது ம். குறுக்க நாலு விரல், ஏ சத்தத்துக்கான அந்த ஈ (e). குறுக்க ஒரு விரல், சத்தம் வராத அந்தக் காவல்காரன். கடைசியா அஞ்சு விரலும் சாய்வா, ர். ஒண்ணு, நாலு, ஒண்ணு, அஞ்சு. "விரலை விரலாலயே எழுதிட்டேன்ப்பா"ன்னு சொல்லிட்டு அடுத்து அவ பேரை எழுத ஆரம்பிச்சா.